அக்காவின் தாடையும் மாமாவின் சதவீதமும்

என் அக்கா கணவர் பல் மருத்துவர். ஆனால் அவரிடம் போய் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை. காட்டினாலும் பார்க்க மாட்டார். பல் மருத்துவக் கல்லூரியில், இம்ப்ளான்ட் பொருத்தும் துறையில் இணைப் பேராசிரியர். துறையின் பின்னறையில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சதவீதம். 'சதவீதம் வந்தாச்சா?', 'சதவீதம் இன்னிக்கு கடுப்புல இருக்கு' என்று வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் போயிருந்தது. பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாக எழுதியிருக்கிறான் என்று யாரும் ஏமாந்துவிடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் அப்பா கட்டிய வீட்டில்தான் இருந்தார். அதே துறையில் எனக்குக் கணினி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நாலு பேர் சேர்ந்துவிட்டால் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "நம்ம மச்சான்தான். வீட்ல சும்மா உக்காந்திருந்தான், இழுத்துட்டு வந்து போட்டேன்" என்பார், கழித்துக் கட்டிய நாற்காலியைப் பற்றிச் சொல்வதுபோல. நான் சிரித்துவைப்பேன்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை வெளியாட்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு உலோகத் திருகைப் பதித்து, அதன் தலையில் செயற்கைப் பல்லை மாட்டுகிறார்கள். அதுதான் இம்ப்ளான்ட். அதைப் பற்றி உலகம் முழுக்க மருத்துவர்கள் ஆய்விதழ்களில் கட்டுரை எழுதிக் குவிக்கிறார்கள். மாமா எழுதுவது அந்தக் கட்டுரைகளைப் பற்றிய கட்டுரை. எந்த வருடம் எத்தனை வந்தன, எந்த நாட்டுக்காரர்கள் அதிகம் எழுதினார்கள், எந்தக் கம்பெனி பணத்தில் எழுதினார்கள், எந்தத் தலைப்பு ஏறுகிறது, எது இறங்குகிறது, யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். ட்ரெண்டு என்பார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் உதடு குவியும்.

கட்டுரைகளின் தலைப்புகளை வலையிலிருந்து மூட்டை மூட்டையாக நான் இறக்கிக் கொடுப்பேன். மேற்படிப்பு மாணவர்கள் தலைப்பையும் அதன் கீழே உள்ள சுருக்கத்தையும் மட்டும் பார்த்துப் பிரிப்பார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. தேவையும் கிடையாது. மண்டபத்து வாசலில் நின்று உள்ளே போகிற தலைகளை எண்ணுகிறவனுக்குப் பெண் யார், மாப்பிள்ளை யார் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அவர் முதலிலிருந்தே இப்படி இல்லை என்று அக்கா சொல்வாள். புதிதாகப் படித்து முடித்தவுடன் மாலை நேரத்தில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். கை வியர்க்கும். கையுறைக்குள் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியையின் மேல்தாடையில் திருகைப் பதிக்கும்போது அது எலும்பைத் தாண்டி வழுக்கி, கன்னத்துக்குள் இருக்கும் காற்றறைக்குள் விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்தார்கள். அதோடு கிளினிக்கைப் பூட்டினார். வியர்த்த கைகளைக் கொண்டுவந்து கணினி விசைப்பலகையில் வைத்துக்கொண்டார்.

இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் ஒரு இரக்கம் வரும். எனக்கு வந்ததில்லை. பயந்தவன் ஒதுங்கிப்போவதில் தப்பில்லை. ஒதுங்கிப்போய் அங்கேயிருந்து மற்றவர்களுக்கு மதிப்பெண் போட ஆரம்பிக்கும்போதுதான் எரிகிறது.

கிளினிக்கைப் பூட்டிய பிறகு ஒரே ஒருமுறை அவர் கையில் திருகை எடுத்தார். அது அக்காவுக்காக.

ஒரு கம்பெனி குட்டைத் திருகு ஒன்றைப் புதிதாகச் செய்து, ஆராய்ச்சிக்கென்று கல்லூரிக்கு இலவசமாகக் கொடுத்தது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களுக்குப் பொருத்தி, ஐந்து வருடம் கவனித்து, எத்தனை தங்கின என்று எழுத வேண்டும். மற்றவர்களுக்கு இளைய மருத்துவர்கள் பொருத்தினார்கள். கடைசியில் ஓர் ஆள் குறைந்தது. கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆள் வீட்டிலேயே சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உனக்குக் கீழ பல்லு ஒண்ணு இல்லல்ல?" என்று கேட்டார், தட்டிலிருந்து நிமிராமல்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே இல்ல. இப்பதான் தெரியுதா?"

"நல்லதாப் போச்சு. நாளைக்கு வா."

அக்காவுக்கு அதில் சந்தோஷம்கூட. கணவர் தன் வாயை ஒரு தடவையாவது பார்க்கப்போகிறார் என்று நினைத்திருப்பாள்போல. போய் உட்கார்ந்தாள். அவர் கை நடுங்கியதா என்று நான் கேட்டபோது, "எனக்குக் கண்ண மூடிக்கத்தான் தெரியும்" என்றாள்.

மூன்றாம் வருட முடிவில் ஒரு கட்டுரை போட்டார்கள். தொண்ணூற்றேழு சதவீதம் வெற்றி. மாமாவுக்குச் சதவீதம் என்ற பெயர் வந்தது அப்போதுதான். வராந்தாவில் யாரைப் பார்த்தாலும் அந்த எண்ணைச் சொல்லிக் கையைக் குலுக்கினார்.

அந்த எண்ணை எப்படி வரவைத்தார்கள் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். மூடி மறைத்த விஷயமில்லை. ஆடிப்போன திருகுகள் நிறைய. ஆனால் அந்த ஆட்களெல்லாம் 'மறுபரிசோதனைக்கு வராதவர்கள்' என்ற பத்தியில் இருந்தார்கள். வராதவர் வெற்றியிலும் சேரமாட்டார், தோல்வியிலும் சேரமாட்டார், கணக்கைவிட்டே வெளியே. வலிக்கிறதென்று போன் செய்கிறவர்களுக்கு வரவேற்பு மேஜையில் இருக்கும் அம்மாள் தேதியைத் தள்ளித் தள்ளிக் கொடுப்பார். அவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு எங்கேயாவது போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். மாமா கையை விரிப்பார். "வரல. நாம என்ன, வீடு வீடாப் போயா கூப்பிட முடியும்?"

ஆனால் வராதவர்களின் பத்தி ரொம்பவும் வீங்கினால் ஆய்விதழ்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஐந்தாம் வருடக் கட்டுரைக்குத் தயாரானபோது அந்தப் பத்தியில் கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவுக்குச் சீழ் வைத்தது.

முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம். பிறகு ஒரு வாடை. அக்கா பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒரு பக்கமாகவே மென்றாள். எக்ஸ்ரேயில் திருகைச் சுற்றி எலும்பு கரைந்து ஒரு கிண்ணம்போல் ஆகியிருந்தது. திருகு அந்தக் கிண்ணத்தின் அடியில் நின்றது. ஊரில் இருக்கும் பல் மருத்துவர்கள் எல்லோரும் மாமாவிடம் படித்தவர்கள். அக்கா யாரிடம் போனாலும் அவர்கள் உடனே வெளியே போய் மாமாவுக்குப் போன் போடுவார்கள். "சார், மேடம் வந்திருக்காங்க, என்ன பண்ணட்டும்?" மாமா சொல்லும் பதிலும் ஒன்றுதான். "க்ளீன் பண்ணி அனுப்பு. எடுத்துகிடுத்து வச்சுடாத."

ஒருநாள் சாப்பிடும்போது அக்கா நேராகவே கேட்டாள்.

"ஏங்க, இத எடுத்துடுங்க. வாய் நாறுது. எனக்கே குமட்டுது."

"எடுத்தா அது ஃபெயிலியர் ஆயிடும்மா."

"ஃபெயிலியர்தான?"

"அதெப்படி? எலும்புலதான நிக்குது? நிக்கற வரைக்கும் தங்கினதாத்தான் கணக்கு. வலிக்குதா, சீழ் வருதாங்கறது வேற தலைப்பு."

"அப்ப என்னையும் வரலைன்னு போட்டுக்கோங்க. ஊர்ல பாதி பேர அப்படித்தான போட்டீங்க."

மாமா கையில் எடுத்த கவளத்தை வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "அதுல இடமில்ல."

"ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, வரலைன்னு போடலாமான்னு யோசிக்கறீங்க பாருங்க. இதுக்கே ஒரு பரிசு தரணும் உங்களுக்கு."

"கோவப்படாத. அஞ்சு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். முடிஞ்ச மறுநாள் நானே எடுத்துடறேன், போதுமா? தேதிய நான் பாத்துக்கறேன். நீ மாத்திரைய மட்டும் ஒழுங்காப் போடு."

அக்கா ஒப்புக்கொண்டாள். ஏன் ஒப்புக்கொண்டாள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒருவேளை, அவருக்கும் ஒரு வெற்றி இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அல்லது, இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இதில் போய்ச் சண்டை எதற்கு என்ற சலிப்போ. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே முகத்தோடுதான் இருக்கும்.

அந்த நாட்களில் மாமாவின் கவனமெல்லாம் ட்ரெண்டு ஆய்வில்தான். பெரிய ஆய்விதழ் ஒன்றின் ஆசிரியர் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அவர் முன்னால், இம்ப்ளான்ட் கட்டுரைகளின் இருபது வருடப் போக்கு பற்றி மாமா உரை நிகழ்த்த வேண்டும். அந்த ஆளுக்குப் பிடித்துவிட்டால் ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் மாமாவின் பெயர் வரும். பெயர் வந்தால் பேராசிரியர் பதவி. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு வண்ண வண்ணக் கோடுகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மாலை, அக்கா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றாள். திரையில் ஒரு சிவப்புக் கோடு மற்ற கோடுகளையெல்லாம் விட்டுவிட்டுச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்ன, இப்படி ஏறுது?"

மாமா உற்சாகமாகிவிட்டார். அவர் வேலையைப் பற்றி அக்கா கேட்பது அபூர்வம். "கரெக்டாப் புடிச்ச பாரு! முன்னாடியெல்லாம் எல்லாரும் வெற்றி வெற்றின்னு எழுதினாங்க. அது இப்ப படுத்துடுச்சு. இது இம்ப்ளான்ட்டைச் சுத்தி வர்ற நோயப் பத்தின பேப்பருங்க. ஈறு வீங்கறது, சீழ் வைக்கறது, எலும்பு கரையறது. இப்ப இதான் ட்ரெண்டு. இன்னும் ஏறும்."

"எனக்கு வந்திருக்கறதா?"

"ம்... அது மாதிரிதான்."

அக்கா அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். மாமா கோட்டின் நிறத்தை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக்கினார்.

மாமாவின் துறைக்கு எதிரே, வராந்தாவின் அந்தப் பக்கம், ஈறு நோய்த் துறை. அதன் தலைவியை எல்லோரும் ஈறு மேடம் என்பார்கள். கனத்த உடம்பு, வெண்கலக் குரல். மாமாவைப் பார்த்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருக்கும். இருவருக்கும் ஆகாது. டீ குடிக்கும் இடத்தில் மற்றவர்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்ன சார், பல்லுன்னு ஒண்ணு இருக்குமே, கடைசியா எப்ப பாத்தீங்க?"

"உங்க பேர நான் எண்ணிக்கையில தேடிக்கிட்டே இருக்கேன் மேடம். இருபது வருஷத்துல ரெண்டு பேப்பர்தான் கிடைச்சுது. மூணாவது எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"வரும் சார், வரும். உங்க குட்டைத் திருகெல்லாம் என் சேர்லதான வந்து விழுது. போட்டோ புடிச்சு சேத்துக்கிட்டே இருக்கேன். மொத்தமா வரும்."

மாமா டீயை மிச்சம் வைத்துவிட்டுப் போனார். ஈறு மேடம் உத்தமி என்று நான் சொல்லவரவில்லை. மாமாவுக்கு வெற்றி எவ்வளவு வேண்டுமோ, அவருக்குத் தோல்வி அவ்வளவு வேண்டியிருந்தது. சிவப்புக் கோடு எங்கே போகிறதென்று அவருக்கும் தெரியும்.

உரை நாள் வந்தது. மாமா புதுக் கோட்டு போட்டுக்கொண்டு வெள்ளெனக் கிளம்பிவிட்டார். கருத்தரங்கு அறையில் படங்களை ஏற்றிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. வாயில் ஏதோ அடைத்ததுபோல் இருந்தது.

"அவரு போன் அணைச்சு வச்சிருக்காரு. நீ வாடா."

படங்களை ஒரு மாணவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் கண்ணை மூடும் அளவுக்கு வீங்கியிருந்தது. உடம்பு கொதித்தது. துண்டில் ரத்தமும் சீழும். ஆட்டோவில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். வழியில் பள்ளம் வந்தபோதெல்லாம் என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். படியேறி வராந்தாவுக்கு வந்ததும் நான் மாமாவின் துறைப் பக்கம் திரும்பினேன்.

"அங்க வேணாம்" என்றாள்.

"பின்ன?"

அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

ஈறு மேடம் வாயைத் திறந்து பார்த்தார். கருவியின் நுனியை ஈறுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது.

"எத்தன மாசமா இப்படி?"

"ரொம்ப நாளா."

"வீட்லயே டாக்டர வச்சுக்கிட்டு?"

ஈறு மேடம் பக்கத்தில் நின்ற மாணவியைப் பார்த்துக் கையை நீட்டினார். "கேமரா எடும்மா. சீக்கிரம்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

"போட்டோ வேணாம் மேடம்."

"மூஞ்சி வராதுங்க. வாய் மட்டும்தான்."

"வாயும் வேணாம்."

"பேரெல்லாம் போட மாட்டோம். உங்கள மாதிரி ஒருத்தரப் பத்தி எழுதினாதான நாலு பேருக்குத் தெரியும்?"

"எடுத்துட்டாப் போதும் மேடம். எதுவும் எழுத வேணாம்."

ஈறு மேடம் முகமூடியை இறக்கினார். "போட்டோ இல்லாம இத எடுத்து எனக்கென்ன பிரயோஜனம்?"

வெண்கலக் குரல். வரிசையாக இருந்த நாற்காலிகளில் துளைப்பான்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. வாயில் பஞ்சோடு படுத்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மாணவி கேமராவை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சொன்னது என்னவென்று ஈறு மேடத்துக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகமூடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். "சரி, தெறங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கை மெதுவாக இருந்தது.

மரத்துப்போக ஊசி போட்டார். கொஞ்சம் காத்திருந்தார். மேலே மாட்டியிருந்த பல்லைக் கழற்றினார். பிறகு திருகின் தலையில் சாவியை வைத்து எதிர்ப்புறமாகத் திருப்பினார். பலத்துக்கு வேலையே இருக்கவில்லை. ஈர மண்ணில் ஊன்றிய குச்சிபோல அது எழுந்து வந்தது. எஃகுத் தட்டில் போட்டபோது ஒரு சின்னச் சத்தம். பின்னாலேயே மஞ்சளாகச் சீழ். ஈறு மேடம் சுரண்டினார், கழுவினார், தையல் போட்டார், பஞ்சைக் கடிக்கச் சொன்னார். அக்காவின் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அழுகையா வலியா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அப்போது மாமா வந்தார். யாரோ தேநீர் இடைவேளையில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டின் பொத்தானைப் போட்டபடியே வந்தார். கழுத்தில் பேச்சாளர் அட்டை ஆடியது. நேராக வந்து, நாற்காலியைப் பார்க்காமல், தட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு என்ன தேதி?"

மாணவிதான், பழக்கத்தில், தேதியைச் சொன்னாள்.

மாமா கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து எண்ணினார். ஒருமுறை எண்ணினார். திருப்பியும் எண்ணினார். அவர் முகம் தளர்ந்தது. சிரிப்புக்கூட வந்தது என்று சொல்வேன்.

"அஞ்சு வருஷம் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆயிடுச்சு! அப்ப பரவால்ல. அஞ்சாம் வருஷக் கணக்குல இது தங்கினதுதான்." ஈறு மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், எடுத்த தேதிய மட்டும் கரெக்டாப் போட்டுடுங்க. அது முக்கியம்."

"உங்க சம்சாரம் இங்க படுத்திருக்காங்க சார்" என்றார் ஈறு மேடம். "பாத்தீங்களா, இல்ல அவங்களும் வரலியா?"

மாமா அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சை எடுக்கக் கூடாது என்று ஈறு மேடம் சொன்னதைப் பொருட்படுத்தாமல் வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பாதி உதடு மரத்திருந்தது. ரத்தம் முகவாயில் வழிந்தது. ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடியே முடிஞ்சுதா?"

"ஆமா. அதான் சொல்றேனே, ஒண்ணும் கெட்டுப்போகல."

"முடிஞ்ச மறுநாள் எடுக்கறேன்னீங்க."

மாமா வாயைத் திறந்தார். "இந்த லெக்சர் வேலைல... தேதி மறந்துபோச்சும்மா."

"மறந்துபோச்சு."

"நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல?"

இத்தனை மாதம் அவள் பொறுத்தது அவருடைய எண்ணுக்காக. அதை ஒரு தியாகம் என்றுகூட அவள் நினைத்துக்கொண்டிருக்கலாம். கடைசி இரண்டு வாரம் அதற்காகக்கூட இல்லை. ஜுரமும் சீழும் தூக்கமின்மையும் எந்தக் கணக்கிலும் எந்தப் பத்தியிலும் சேராமல் சும்மா கழிந்திருந்தன. அவள் முகத்தில் இது ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் பார்த்தேன்.

"பேப்பர்ல தங்கினதாவே போட்டுக்கோங்க" என்றாள். "நீங்க இன்னிக்கு வீட்டுக்கு வராதீங்க."

"என்னம்மா இது, எல்லார் முன்னாடியும்..."

"நாளைக்கும் வேணாம்."

பஞ்சை மறுபடி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவாக வேறெதுவும் தேவைப்படவில்லை.

எதிரே கருத்தரங்கு அறையின் கதவு திறந்து ஒரு மாணவன் எட்டிப் பார்த்தான். "சார், எடிட்டர் கேக்கறாரு. ஆரம்பிக்கலாமான்னு." மாமா அக்காவைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒருவேளை இங்கேயே நின்றுவிடுவாரோ என்று எனக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. நின்றிருந்தால் அவரை வெறுப்பது கஷ்டமாகியிருக்கும். அவர் கஷ்டம் கொடுக்கவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். சிவப்புக் கோடு வந்தபோது கைதட்டினார்களாம். ஆசிரியர் குழுவில் அவர் பெயர் வந்துவிட்டது.

மறுநாள் அக்கா அவருடைய துணிகளை இரண்டு பெட்டிகளில் மடித்து வைத்துக் கொடுத்தாள். கோபத்தில் அள்ளித் திணிக்கவில்லை. சட்டைகளுக்குக் காலர் நசுங்காமல் நடுவே காகிதம்கூட வைத்திருந்தாள். அதுதான் எனக்குத் திக்கென்றது. திரும்பி வரப்போகிற ஆளுக்கு யாரும் அப்படி அடுக்கமாட்டார்கள்.

கல்லூரி விருந்தினர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமா பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் பூஞ்சை. மேஜையில் மடிக்கணினி திறந்திருந்தது. பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார். நான் கிளம்பும்போதுதான் கூப்பிட்டார்.

"மச்சான்."

நின்றேன்.

"அக்கா ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"வீக்கம் இருக்கா?"

"இருக்கு."

"மூணு நாளைக்கு இருக்கும். வெளிப்பக்கமா ஐஸ் வைக்கச் சொல்லு. சூடா எதுவும் குடிக்க வேணாம்னு சொல்லு. கொப்புளிக்கும்போது வேகமாக் கொப்புளிக்கக் கூடாது, அப்புறம் தையல் விட்டுடும்." வியர்த்த கைகளைத் தொடையில் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். சும்மா சொல்லு."

அவர் ஒரு வைத்தியரைப் போலப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காலையிலிருந்தே கன்னத்தில் அவள் ஐஸ் வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.